பல் இல்லாத எண்

கிருத்திகா எங்கள் மேசை மேல் முதலில் வைத்தது ஒரு பல்லை.

பயப்பட வேண்டாம், மனிதப் பல் இல்லை. கியர் சக்கரத்தின் பல். கட்டைவிரல் அளவுக்கு இரும்பு. ஒரு பக்கம் வழவழப்பு, உடைந்த பக்கம் வெல்லக்கட்டியை உடைத்தது போல மணல் மணலாக. அதைக் கைக்குட்டையில் சுற்றி ஐந்து மாதமாகக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறாளாம். எடுக்கும்போது பைக்குள் நீல நிறத்தில் ஒரு பாட்டிலும் தெரிந்தது. பாத்ரூம் கழுவுகிற ஆசிட். துப்பறியும் ஏஜென்சிக்கு வருகிற வழியில் யாராவது வீட்டுச் சாமான் வாங்குவார்களா? வாங்கலாம். பெங்களூர் பிரேசர் டவுனில் வண்டி நிறுத்த இடம் கிடைத்தவர்கள் மற்ற எல்லா வேலையையும் அன்றைக்கே முடித்துக்கொள்வது வழக்கம்தான்.

"இந்தப் பல்லை அவன் முழுங்கணும். நான் பக்கத்துல நின்னு பார்க்கணும்," என்றாள்.

"யாரு மேடம், டென்டிஸ்ட்டா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. முப்பத்திரண்டு வயதிருக்கும். அழுது முடித்து, அதையும் தாண்டி வந்துவிட்ட முகம். தமயந்தி மேடம் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துவிட்டு, பேக்கரி மாடியில் சொந்தமாக ஏஜென்சி திறந்தவர் அவர். நான் டென்சில். ஜே.சி. ரோட்டில் பதினைந்து வருடம் கார் உதிரிபாகம் விற்றவன். மேடத்துக்கு மூளை அதிகம், எனக்கு வாய் அதிகம். கம்பெனி அப்படித்தான் ஓடுகிறது.

"சொல்லுங்க, யார் அவன்?" என்றார் மேடம்.

"சுந்தரம். பீன்யாவுல கியர் பட்டறை வெச்சிருந்தான். அவன் செஞ்ச கியர்பாக்ஸைத்தான் குடோன் லிஃப்ட்ல மாட்டியிருந்தாங்க. ஜனவரியில பல்லு உடைஞ்சு, மூணாவது மாடியிலேர்ந்து லிஃப்ட் அப்படியே விழுந்துது. உள்ள என் தம்பி யுவன். இருபத்தாறு வயசு." நிறுத்தாமல் சொன்னாள். நூறு பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியங்கள். "கேஸ் போட்டாங்க. பெயில்ல வந்தான், ஓடிட்டான். போலீஸ் தேடுது, அவங்க தேடற மாதிரி. எனக்கு அவன் இருக்கற இடம் வேணும்."

போனில் ஒரு போட்டோ காட்டினாள். உடைந்த கியர்பாக்ஸின் மேல் ஒரு பித்தளைத் தகடு. 'சுந்தரம் கியர்ஸ், பீன்யா' என்று பொறித்து, அதற்குக் கீழே ஒரு பெரிய எண்: 2147483647.

"பத்து இலக்கம், போன் நம்பரா இருக்குமோ?" என்று சொல்லிவிட்டு நானே நாக்கைக் கடித்துக்கொண்டேன். நம் ஊரில் எந்த மொபைல் எண்ணும் இரண்டில் தொடங்காது. சும்மா இருக்காமல் நியூமராலஜிப்படி கூட்டினேன். நாற்பத்தாறு, பத்து, ஒன்று. "சூரியன் மேடம். நல்ல நம்பர்."

"என் தம்பி செத்த நம்பர்," என்றாள் கிருத்திகா.

மேடம் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். "கியர்பாக்ஸை ஆர்டர் பண்ணது யாரு?"

"லிஃப்ட் கான்ட்ராக்டர்னு என் வீட்டுக்காரன் அஷ்வின் சொன்னான். அந்த ஆள் இப்ப துபாய்ல இருக்கான்."

"உங்க வீட்டுக்காரர் அதே குடோன்ல மேனேஜர்னு போன்ல சொன்னீங்களே. அவருக்கு சுந்தரத்தைத் தெரியுமா?"

"மூஞ்சியைக் கூடப் பார்த்ததில்லைன்னான். அஷ்வின் பத்து வருஷம் சாஃப்ட்வேர்ல இருந்துட்டு வந்தவன். இரும்பு, கிரீஸ் எல்லாம் அவனுக்கு ஆகாது. நான் இங்க வந்ததே அவனுக்குத் தெரியாது. விட்டுடு விட்டுடுன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கான். யுவனுக்கு அந்த வேலையை வாங்கிக் குடுத்ததே அவன்தானே. அந்தக் குத்த உணர்ச்சி அவனைத் தின்னுது, பாவம்."

"சுந்தரம் கிடைச்சா என்ன பண்ணுவீங்க?"

"அது என் வேலை," என்று பல்லைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அவள் படி இறங்கும் சத்தம் ஓய்ந்ததும் மேடத்தைப் பார்த்தேன். "பாட்டிலைப் பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன்."

"தெரிஞ்சுமா கேஸை எடுத்தீங்க?"

"நாம எடுக்கலைன்னா வேற எவனாவது எடுப்பான். கண்டுபிடிச்சும் குடுத்துடுவான். அவன் இந்தப் பொண்ணோட பைக்குள்ள பார்க்க மாட்டான்," என்றார் மேடம். "கிளம்பு, பீன்யா."

*

சுந்தரத்தின் பட்டறை பூட்டிக் கிடந்தது. ஷட்டரில் கல்லடி பட்ட பள்ளங்கள். நடுவில் சிவப்பு பெயின்ட்டில், கன்னடத்தில், ஆள் உயரத்துக்கு ஒரே வார்த்தை: கொலெகார. கொலைகாரன். எழுத்துகள் கோணல் மாணலாக, கன்னடம் எழுதத் தெரியாத யாரோ பார்த்து வரைந்தது போல இருந்தன. எழுதியவருக்கு மொழி தெரியாவிட்டாலும் கோபம் நன்றாகத் தெரிந்திருந்தது.

எதிரே ஒரு கரும்பு ஜூஸ் வண்டி. வண்டிக்காரி வீணா எங்களைப் பார்த்துச் சிரித்தாள். சுந்தரம் என்ற பெயரைக் கேட்டதும் சிரிப்பு மறைந்தது.

"கொத்தில்லா சார், எனக்கு எதுவும் தெரியாது," என்றாள். நான் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

மேடம் கன்னடத்துக்கு மாறி வெயிலைப் பற்றி, கரும்பு விலையைப் பற்றி, பிள்ளைகள் படிப்பைப் பற்றியெல்லாம் பேசினார். மேடம் குடும்பம் மைசூர் மகாராஜா காலத்திலேயே இந்த ஊருக்கு வந்தது. அவர் கன்னடத்தில் பேரம் பேசினால் கடைக்காரரே கூடக் கொஞ்சம் கொத்தமல்லி போடுவார். ஆனால் வீணாவிடம் ஜூஸ் மட்டும்தான் வந்தது.

நான் டம்ளரோடு மெஷின் பக்கம் நகர்ந்தேன். உதிரிபாகம் விற்ற புத்தி, புதுசாக எதையாவது பார்த்தால் கண் தானாகப் போய்விடும். பழைய துருப்பிடித்த மெஷினில் இரண்டு சக்கரங்கள் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தன. பக்கத்தில் சின்னதாக ஒரு பித்தளைத் தகடு. பெயர் கிடையாது. எண் மட்டும்: 901.

"மேடம், இங்க பாருங்க. ஜூஸ் மெஷினுக்கும் ரேஷன் கார்டு நம்பர் குடுத்திருக்காங்க."

மேடம் குனிந்து பார்த்தார். "பல்லை எண்ணு டென்சில்."

"என் பல்லையா?"

"சக்கரத்தோடதை."

எண்ணினேன். விரலெல்லாம் கரும்புச் சாறும் கிரீஸும். இரண்டு தடவை தப்பாகி, மூன்றாவது தடவை சாக்பீஸால் குறி வைத்துக்கொண்டு எண்ணினேன். "சின்னதுல பதினேழு. பெரியதுல அம்பத்து மூணு."

"பெருக்கு."

போனில் தட்டினேன். 901 என்று வந்தது.

வீணா தலையில் கை வைத்துக்கொண்டாள். அவளுடைய மெஷின் போன மாதம் உடைந்ததாம். பிழைப்பே அதில்தான். பழைய சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு சுந்தரத்தைத் தேடிப் போய் அழுதிருக்கிறாள். "யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. ஆனா அந்தத் தகடு மட்டும் வேண்டாம்ணான்னா கேக்கலை. நம்பர் அடிக்காம சக்கரம் வெளிய போகக்கூடாதாம். ஒக்கலிபுரத்துல இருக்காரு மேடம், ரயில்வே பாலத்துக்குக் கீழ. அவர் தப்பானவர் இல்ல."

தலைமறைவாக இருக்கிற மனிதர் ஊருக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார். தொழில் பழக்கம் உயிர்ப் பயத்தைவிடப் பெரிது போலிருக்கிறது.

மேடம் தகட்டைத் தொட்டுப் பார்த்தார். "டென்சில், இந்த ஆள் பல்லையெல்லாம் பெருக்கித்தான் நம்பர் போடறார். அப்ப லிஃப்ட் நம்பரையும் உடைச்சா பல்லு வரணும் இல்ல?"

*

பீன்யாவிலிருந்து மெட்ரோவில் வந்தோம். வழியெல்லாம் நான் 2147483647-ஐ வகுத்துக்கொண்டே வந்தேன். அதற்கு முன் ஒரு நல்ல காரியமும் செய்தேன். கிருத்திகாவுக்கு எங்கள் லைவ் லொகேஷனை அனுப்பினேன். கேஸ் எங்கே நகர்கிறது என்று வாடிக்கையாளருக்கு அவ்வப்போது காட்டுவது எங்கள் ஏஜென்சியில் நான் கொண்டுவந்த புதுமை. மேடம் அதை ஒரு வருடமாகத் திட்டி வருகிறார். அன்றைக்கு எதற்குத் திட்டுகிறார் என்று புரிந்தது, ஆனால் கொஞ்சம் தாமதமாக.

பதினொன்றால் போகவில்லை. பதிமூன்றால் போகவில்லை. பதினேழு, பத்தொன்பது, இருபத்து மூன்று, எதற்கும் மசியவில்லை. எண்பதைத் தாண்டியும் ஒவ்வொரு முறையும் மீதி வந்துகொண்டே இருந்தது.

"என்ன மேடம் இது, ஒரு பல்லு கூடக் கிடைக்கலை. பொக்கை வாய் நம்பர்," என்றேன்.

பக்கத்தில் நின்றிருந்த பெண் என் போனை எட்டிப் பார்த்தாள். கழுத்தில் ஐடி கம்பெனி அட்டை, காதில் ஒரு பக்கம் மட்டும் இயர்போன். "அண்ணா, எவ்ளோ நேரம் வகுத்தாலும் வராது. அது பிரைம். ஒண்ணாலயும் அதாலயும்தான் வகுபடும்."

"பத்து இலக்கத்தைப் பார்த்த உடனே எப்படிம்மா சொல்றே?"

"இதை மட்டும் சொல்லுவேன். புரோகிராம் எழுதற எல்லாருக்கும் இது மனப்பாடம். முப்பத்தொரு ரெண்டைப் பெருக்கி ஒண்ணைக் கழிச்சா இது வரும். மெர்சென் பிரைம்னு தனி வகை. அதை விடுங்க. கம்ப்யூட்டர்ல சாதாரணமா ஒரு முழு எண் இது வரைக்கும்தான் ஏறும். இதுக்கு மேல ஒண்ணு கூட்டினீங்கன்னா தலைகீழா மைனஸ்ல போய் விழும். நாங்க எத்தனை ராத்திரி இதனால தூங்காம இருந்திருக்கோம் தெரியுமா?"

"மேல வரைக்கும் ஏறி, சட்டுன்னு கீழ விழும்," என்று மேடம் மெதுவாகச் சொன்னார்.

"அதேதான் ஆன்ட்டி," என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் போய்விட்டாள்.

மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். "பித்தளைத் தகட்டுல இந்த நம்பரை எழுதணும்னா, ஒருத்தன் எந்த வேலையில இருந்திருக்கணும் டென்சில்?"

பதில் எனக்கும் தெரிந்தது.

*

ஒக்கலிபுரத்தில் ரயில்வே பாலத்துக்குக் கீழே, தகரக் கூரை போட்ட ஒரு சின்ன ஷெட். தலைக்கு மேல் ரயில் போகும்போது சுவரே நடுங்கியது. உள்ளே ஐம்பத்தெட்டு வயது மதிக்கத்தக்க ஒருவர், நெற்றியில் பழைய தையல் தழும்போடு, ஒரு தையல் மெஷின் சக்கரத்தை அரம் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஓடவில்லை. அரத்தைக் கீழே வைத்தார்.

"போலீஸா?"

"இல்லைங்க," என்றார் மேடம். "தொள்ளாயிரத்து ஒண்ணு எங்களை இங்க கொண்டு வந்துது."

சுந்தரம் தன்னையே நொந்துகொள்வது போலத் தலையை ஆட்டினார். மேடம் லிஃப்ட் தகட்டின் போட்டோவை நீட்டினார்.

"இது நான் செஞ்ச கியர் பெட்டி இல்லை மேடம். முதல் நாள்லேர்ந்து சொல்றேன். என்னை அடிச்சாங்களே தவிர ஒருத்தரும் காது குடுத்துக் கேக்கலை. லிஃப்ட் பெட்டிக்கு ஆறு சக்கரம். ஒவ்வொண்ணுக்கும் பல்லு எண்ணிக்கையை பிரைமாத்தான் எடுப்பேன். அப்பதான் ஒரு பல்லு ஒரே பல்லையே கடிச்சுக்கிட்டு இருக்காது, எல்லாப் பல்லையும் மாறி மாறிக் கடிக்கும், தேய்மானம் சமமா இருக்கும்." ஒரு அட்டையை எடுத்து மளமளவென்று எழுதினார். 17, 53, 19, 71, 23, 83. "இந்த ஆறையும் பெருக்கினா என்ன வருதோ அதுதான் பெட்டி நம்பர். பாருங்க, 2320292141. பத்து வருஷம் கழிச்சு ஒரு சக்கரம் உடைஞ்சு வந்தா நம்பரை உடைச்சாப் போதும், எத்தனை பல்லுன்னு தெரிஞ்சிடும். வேற எந்தப் பல்லைப் போட்டாலும் அதே நம்பர் வராது. அந்த போட்டோவுல இருக்கற நம்பர் உடையவே உடையாது மேடம். அது கியர்பாக்ஸ் நம்பரே கிடையாது."

"கணக்கு நல்லா இருக்கு," என்று ஒரு குரல் கேட்டது.

வாசலில் கிருத்திகா. பின்னால் அவள் வந்த ஆட்டோ உறுமிக்கொண்டிருந்தது. என் சட்டைப்பையில் லைவ் லொகேஷன் விசுவாசமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிமிடம் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள விரும்பினேன்.

கையில் நீல பாட்டில். மூடி திறந்திருந்தது.

"அஞ்சு மாசம்," என்றாள். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அஞ்சு மாசமா எங்கம்மா யுவனுக்குச் சோத்தைப் பிசைஞ்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. நீ இங்க உக்காந்து பெருக்கல் கணக்கு போடறியா?"

நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். "கிட்ட வராதீங்க டென்சில்," என்றாள். நின்றுவிட்டேன். வீரம் என்பது எனக்கு விற்பனைக்கு மட்டும் இருந்த சரக்கு.

சுந்தரம் பின்வாங்கவில்லை. "ஊத்தும்மா. இந்த மூஞ்சியில இனிமே கெட்டுப்போக ஒண்ணுமில்ல. ஆனா உங்கிட்ட அந்த உடைஞ்ச பல்லு இருக்குன்னு என் வக்கீல் சொன்னார். அதை ஒரு தடவை காட்டிட்டு ஊத்து."

அவள் யோசித்தாள். இடது கையால் கைக்குட்டையை எடுத்து அவர் காலடியில் எறிந்தாள். சுந்தரம் எடுத்துப் பிரித்து, உடைந்த பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"வார்ப்பிரும்பு. மணல் மணலா உடைஞ்சிருக்கு பார். ஆள் ஏறுற இடத்துக்கு எவனாவது வார்ப்பிரும்புப் பல்லு போடுவானா? பழைய மார்க்கெட்டுல ரெடிமேடா கிடைக்கற பெட்டி இது. என்னோடது ஸ்டீலு. வளையும், இப்படி உடையாது." "இதை நீ பையிலயே வெச்சிருந்திருக்கியேம்மா. ஒரு நாள் எங்கிட்ட காட்டியிருந்தா?"

பாட்டில் லேசாகத் தாழ்ந்தது. மேடம் அந்த இடைவெளியில் பேசினார்.

"சுந்தரம் சார், உங்க பேர்ல தகடு அடிக்கணும்னா உங்க தகட்டைப் பார்த்திருக்கணும். யார் வந்து பார்த்தாங்க?"

"டிசம்பர் முதல் வாரத்துல ஒருத்தர் வந்தார். சின்ன வயசு, இங்கிலீஷ்தான் அதிகம். பேர் சொல்லலை. குடோன் லிஃப்ட்டுக்குப் பெட்டி வேணும், புது வருஷத்துல திறப்பு விழான்னார். ஆறு சக்கரத்தையும் பிரைம்ல வெட்டணும், ஆறு வாரம் ஆகும்னேன். மூணு வாரத்துல முடியாதான்னார். முடியாதுன்னுட்டேன். சுவத்துல பிரைம் எண் சார்ட் ஒட்டியிருப்பேன், அதையே பார்த்துக்கிட்டு நின்னார். நீங்க எல்லாத்துக்குமே பிரைம்தானான்னு கேட்டார். ஆமான்னேன். மேசையில கிடந்த தகடு ஒண்ணை போட்டோ எடுத்துக்கிட்டுப் போனார். மறுநாள் ஆர்டர் வேண்டாம்னு மெசேஜ் வந்துது."

"அவனுக்கு அவசரம், திறப்பு விழா தேதி குடுத்துட்டான்," என்றார் மேடம். "மார்க்கெட்டுல ஒரு பெட்டியை வாங்கி மாட்டிட்டான். லிஃப்ட்டைச் சோதிக்க வர்ற அதிகாரி செஞ்சவர் பேரும் நம்பரும் கேப்பார். நல்ல பேர் உங்களோடது. நம்பர் எப்படிப் போடறது? உங்க பட்டறையில எல்லாமே பிரைம்னு கேட்டிருக்கான், தகட்டுல பத்து இலக்கம்னு பார்த்திருக்கான். அப்ப பத்து இலக்கத்துல ஒரு பிரைம் போட்டா சரின்னு முடிவு பண்ணிட்டான். ஆறு எண்ணைப் பெருக்கி வர்ற நம்பர் ஜென்மத்துலயும் பிரைமா இருக்க முடியாதுன்னு அவனுக்குத் தோணலை. கிருத்திகா, அவனுக்குப் பத்து இலக்கத்துல ஒரே ஒரு பிரைம்தான் மனப்பாடமாத் தெரியும். சாஃப்ட்வேர்ல இருக்கறவங்க எல்லாருக்கும் அது தெரியும்."

கிருத்திகாவின் கண் மேடத்தின் முகத்திலிருந்து நகரவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. புரிந்ததை அவள் உள்ளே விட மறுத்தாள்.

"பெங்களூர்ல சாஃப்ட்வேர்காரன் லட்சக்கணக்குல இருக்கான்," என்றாள்.

"ஆமா," என்றார் மேடம். "சார், அந்த மெசேஜ் வந்த போன் நம்பர் இருக்கா?"

"இருக்கு. போலீஸ்லயும் குடுத்தேன். வேண்டாம்னவனுக்கு நீ எதுக்குத் தகடு அடிச்சேன்னு என்னையே கேட்டாங்க. நானே கூப்பிட்டேன், என் பேரைச் சொன்னதும் கட் பண்ணிட்டார்." சுந்தரம் பழைய நோட்டு ஒன்றைத் தேடி எடுத்தார்.

அவர் ஒவ்வொரு எண்ணாகப் படிக்க, கிருத்திகா ஒரு கையில் பாட்டிலோடு இன்னொரு கையால் போனில் தட்டினாள். எட்டாவது எண் வரை முகத்தில் எதுவும் இல்லை. ஒன்பதாவதை அவரிடம் திரும்பக் கேட்டாள். பத்தாவதைத் தட்டியதும் திரையில் ஒரு பெயர் வந்தது. கூடவே ஒரு போட்டோவும், கல்யாண மாலையோடு.

தலைக்கு மேல் ரயில் ஒன்று போனது. சுந்தரத்தின் மூஞ்சியைக் கூட அஷ்வின் பார்த்ததில்லை என்று அவள் காலையில் எங்களிடம் சொன்னது எனக்குக் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

"நான் இன்னும் நம்பலை," என்றாள் கிருத்திகா. பாட்டிலைப் பட்டறை மேசையில் வைத்தாள். மூடியைத் தேடி எடுத்து, நிதானமாகத் திருகி மூடினாள். பிறகு அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள். நான் என் போனில் ரெக்கார்டரை அமுக்கினேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

"சொல்லு கிருத்தி, மீட்டிங்குக்குப் போய்க்கிட்டு இருக்கேன்."

"ஒரே நிமிஷம் அஷ்வின்." சாயங்காலம் வரும்போது பால் வாங்கி வா என்று சொல்கிற குரல். "மாடி வீட்டு ஸ்னேஹாவுக்கு ஸ்கூல் ப்ராஜெக்டாம். பத்து இலக்கத்துல ஒரு பிரைம் நம்பர் வேணுமாம். எனக்கு என்ன தெரியும், அங்கிளைக் கேட்டுச் சொல்றேன்னேன்."

அஷ்வின் சிரித்தான். தெரிந்ததைக் கேட்டால் எந்த ஆண்பிள்ளைதான் சும்மா இருப்பான்? "இதுக்கு கூகுள் கூட வேண்டாம். எழுதிக்கச் சொல்லு. ரெண்டு, ஒண்ணு, நாலு, ஏழு, நாலு, எட்டு..."

குரல் நின்றது.

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மூச்சு கேட்டது.

"மூணு," என்றாள் கிருத்திகா. "ஆறு. நாலு. ஏழு."

"கிருத்தி, நான் சொல்றதை..."

"யுவனோட பாடையைத் தூக்கும்போது முன்பக்கம் தோள் குடுத்தது நீதானே அஷ்வின்?"

பதிலுக்குக் காத்திருக்காமல் போனைத் துண்டித்துவிட்டாள்.

மேடம் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். கிருத்திகா உட்காரவில்லை. நீல பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தாள். "கொட்டிடுங்க. அவன் மூஞ்சி அப்படியே இருக்கட்டும். கோர்ட்டுக்கு வரும்போது எல்லாரும் அடையாளம் கண்டுபிடிக்கணும்."

சுந்தரம் கைக்குட்டையில் பல்லைச் சுற்றி நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். அவரை நிமிர்ந்து பார்க்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"உங்க ஷட்டர்ல எழுதினது நான்தான். ஒரு கடைக்காரர்கிட்ட அந்த வார்த்தையைக் காகிதத்துல எழுதி வாங்கிட்டுப் போய்ப் பார்த்து எழுதினேன். நாளைக்கு வந்து அழிச்சுடறேன்."

"பரவாயில்லம்மா," என்றார் சுந்தரம். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். "ஸ்டேஷனுக்கு நானும் வரேன்."

மேடம் இன்ஸ்பெக்டருக்கு போன் செய்தபடி முன்னால் நடந்தார். ஆட்டோவில் ஏறும்போது கிருத்திகா ஒரு நிமிடம் நின்றாள்.

"முதல்ல எங்க வீட்டு வழியாப் போகலாம். ரெண்டே நிமிஷம்," என்றாள்.

"எதுக்கு மேடம்?" என்றேன்.

"அந்த சிவப்பு பெயின்ட் டப்பா அங்கதான் இருக்கு. இன்னும் பாதி மீதி இருக்கு. எங்க வாசக்கதவு நல்லா அகலம்."